ஜோடியாக விழுந்த குண்டுகள்

1994, ஜூலை 11, திங்கள்

மேற்கிலிருந்து ஒரே காற்று. மலைப்பக்கம் சாரல் போலிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாசனை மட்டும் வருகிறது, தண்ணீர் வரவில்லை. மாடியில் காயப்போட்ட என் வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுத்துத் தரச் சொன்னால் அந்த வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் பேசுவார். கிடக்கட்டும்.

செய்ய வேண்டியது: குடைக்குக் கம்பி. மண்ணெண்ணெய். ஆண்டு விழாப் பேச்சுக்கு நாலு புது ஜோக்.

மத்தியானம் எங்கள் இயற்பியல் துறைக்குள் ஒரு ஒத்திகை. மைமூன் மேடத்துக்கு வெள்ளிக்கிழமை பி.எச்டி. ரிவ்யூ. மதுரைப் பக்கமிருந்து வெளிப் பேராசிரியர் வருகிறார். அதற்கு முன்னால் நாங்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுமாம். மைமூன் துறையில் கடைசியாகச் சேர்ந்தவர். இராஜபாளையம். அப்பா (அவர் வாயில் 'அத்தா') பேண்டேஜ் துணி வியாபாரி. அதிர்ந்து பேசாத பிள்ளை.

விஷயம் இதுதான். மோர், மை, பெயிண்ட், சாயப்பட்டறைத் தண்ணீர், எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மிதக்கின்றன. மெதுவாக அடிக்கு இறங்குகின்றன. அதைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கிப் பார்க்கிறார். எங்கிருந்தோ ஃப்ளாப்பியில் வந்த, துகள்களின் நகர்வைக் கணக்கிடும் மாலிக்யூலர் டைனமிக்ஸ் பேக்கேஜ் ஒன்று. அதற்குத் துகள்களைத் தெரியும், தண்ணீரைத் தெரியாது. ஒரு துகள் நகர்ந்தால் தண்ணீர் நகரும், அந்தத் தண்ணீர் பக்கத்துத் துகளையும் தள்ளும் அல்லவா? அந்த விசையைக் கணக்குப் போட மைமூன் ஒரு வருஷம் உட்கார்ந்து தனியாக எழுதிச் சேர்த்திருக்கிறார்.

முடிவு: ஒரு துகள் தனியாக விழுவதைவிட, இரண்டு சேர்ந்து விழுந்தால் வேகமாக விழுகின்றன.

இதைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இதுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்? ஒத்தையா இருக்கிறவன் மெதுவாத்தான் விழுவான். ஜோடி சேந்தா பொத்துனு விழுவான். எங்களைக் கேட்டா ஓசியிலேயே சொல்லிருப்போமே!"

துறைத்தலைவருக்குச் சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது. கணக்கு வாத்தியார் மேஜையைத் தட்டினார். (அவருக்கு இந்தக் கூட்டத்தில் வேலையே இல்லை, வடைக்காக வந்தவர்.)

சிரிப்பு ஓய்ந்ததும் து.த. கேட்டார்: "கேலி இருக்கட்டும்யா, நிசமாவே ஜோடி வேகமா விழுமா, தப்பா அது?"

"பதினெட்டு வருசமா விளக்கெண்ணெயில குண்டு போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுதேன் சார். அதே குண்டு, அதே எண்ணெய்னா அதே வேகம். பக்கத்துல யாரு வாராகன்னு குண்டு திரும்பியா பாக்கும்?"

மறுபடி சிரிப்பு.

மைமூன்: "சார், தண்ணி ரெண்டையும் சேத்து இழுக்குது சார். ஒண்ணு தள்ளுற தண்ணியில இன்னொண்ணு…"

மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. து.த. முடித்துவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் தண்ணிய எடுத்திரும்மா. வெளியாள் முன்னால துறை மானம் போயிரக் கூடாது."

மைமூன் தலையாட்டினார். பேப்பர்களை அடுக்கினார். அடுக்கி முடித்ததையே திரும்பவும் அடுக்கினார்.

நல்ல ஜோக். ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 12, செவ்வாய்

காற்று அதே. வேட்டி அங்கேயே.

கல்லூரி பஸ்ஸில் எனக்கு முன்னாலேயே என் ஜோக் ஏறி உட்கார்ந்திருந்தது. பின் சீட்டில் மாணவர்கள்:

"ஏலே, ஜோடி மேடம் இன்னைக்கு எந்தப் பீரியடு?"

"ரெண்டாவது. ஒத்தையாத்தான் வருவாக, மெதுவா வருவாக."

பஸ்ஸே குலுங்கியது. யார் கொண்டுபோய்ச் சேர்த்தது? கணக்கு வாத்தியார்தான். அவர் காதுக்கும் வாய்க்கும் நடுவில் கதவே கிடையாது. எனக்கு மட்டும் இருக்கிறதாக்கும்.

ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. எழுதித்தான் ஆக வேண்டும். மேடை ஏறாமலே ஊர் சுற்றிய என் முதல் ஜோக்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். கோமதி என் ஜோக்குக்குச் சிரிக்க மாட்டாள், அது கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். இன்று சிரிக்காதது வேறு தினுசு. வெங்காயம் உரித்துக்கொண்டே,

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகலைல்ல?"

"ஆகல."

"வயசு?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"அது தெரிஞ்சா சொன்னீக?"

தோணவே இல்லை என்றேன். பொய். அவளிடம் சொன்ன பொய்யையே இங்கேயும் எழுதி வைத்து என்ன பிரயோஜனம்? வாயைத் திறக்கும்போதே ஞாபகம் வந்தது. அதற்குள் து.த. முகத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. நிறுத்த மனசு வரவில்லை.

சாப்பிடும்போது ஒரு சமாதானம் கிடைத்தது. ஜோக் வேண்டுமானால் மோசம், இயற்பியல் சரிதானே? நாளை ஆய்வகத்தில் இரண்டு ஜாடி எண்ணெய். ஒன்றில் ஒற்றைக் குண்டு, மற்றதில் ஜோடி. எல்லாம் ஒன்றாக அடியைத் தொடும். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அதைச் செய்து காட்டிவிட்டால் என்னை யார் என்ன சொல்ல முடியும்?

இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 13, புதன்

மத்தியானம் ஆய்வகம் காலி. இரண்டு உயரமான கண்ணாடி ஜாடி, இரண்டிலும் விளக்கெண்ணெய். அறை முழுக்கப் பேதி மருந்து வாசனை. குண்டு என்றால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகு உருண்டை. ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறுகிற வழக்கம் எனக்கு இல்லை.

இடது ஜாடியில் ஒன்று, வலது ஜாடியில் இரண்டு. ஒரே நேரத்தில் விட்டேன்.

ஜோடி ஜெயித்தது. ஏதோ மயிரிழையில் இல்லை. ஒற்றை அரைச் சாணுக்கு மேலே தத்தளிக்கும்போதே ஜோடி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

வலது ஜாடியில் புது எண்ணெயாக இருக்கும். மாற்றிப் போட்டேன். ஜோடி. குண்டின் அளவு வித்தியாசமாக இருக்கும். வேறு குண்டுகள். ஜோடி. ஜன்னல் வெயில் ஒரு ஜாடியில் மட்டும் படுகிறது. ஜன்னலைச் சாத்தினேன். ஜோடி. ஃபேன். ஜாடிக்குள் இருக்கிற எண்ணெயை ஃபேன் என்ன செய்யும் என்று யோசிக்காமல் அதையும் நிறுத்தினேன். வியர்வையில் நான், எண்ணெயில் ஜோடி.

அந்தப் பெண் சொன்னது அப்படியே கண் முன்னால் நடக்கிறது. விழுகிற குண்டு சுற்றியுள்ள எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகிறது. பக்கத்துக் குண்டு ஏற்கனவே போய்க்கொண்டிருக்கிற எண்ணெயில் சவாரி செய்கிறது. ஒன்றுக்கு ஒன்று உபகாரம். குழந்தைக்கும் புரியும்.

பதினெட்டு வருஷமாக எனக்கு ஏன் தெரியவில்லை? தெரிய வழி வைக்கவில்லை. ஒரு குண்டு அடியில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது என்பது என் சட்டம். அவசரத்தில் இரண்டாகப் போட்டவனின் அளவீட்டைச் சிவப்பு மையால் அடித்து "கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறேன். குண்டுகள் சீக்கிரம் போனதை ஒருவனாவது பார்த்திருப்பான். என் முகத்தைப் பார்த்ததும் பார்க்காத மாதிரி இருந்திருப்பான்.

உடனே சொல்லிவிட வேண்டும் என்று கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். வாசலில் அவர் செருப்பு மட்டும். உள்ளே ஏ.சி. குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு மைமூன். திரையில் புள்ளிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"தண்ணிய எடுத்துட்டேன் சார். நீங்க சொன்ன மாதிரியே வருது. ஒத்தையும் ஜோடியும் ஒரே வேகம்." அப்புறம் திரையைப் பார்த்தபடியே, "ஒண்ணுக்கொண்ணு முகம் தெரியாத மாதிரி விழுது" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. வந்தது என்னவோ, "ம், நல்லா இருக்கும்மா."

நல்லா இருக்கும்மா! செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு ஆய்வகம் வரைக்கும் நடந்திருக்கிறேன்.

ஜூலை 14, வியாழன்

காலையில் தூறல். குடைக்கு இன்னும் கம்பி போடவில்லை. நனைந்தேன். எனக்கு வேண்டியதுதான்.

து.த. அறைக்குப் போனேன். 'சார், நான் சொன்னது தப்பு, அந்தம்மா கணக்குத்தான் சரி.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. படியேறும்போது மனப்பாடம் செய்துகொண்டே போனேன். உள்ளே போய் நான் சொன்னது:

"சார், நீங்க விளக்கெண்ணெய் குடிச்சிருக்கீகளா?"

ஏன் அப்படி ஆரம்பித்தேன்? எனக்குப் பேச்சு அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வரும் போலிருக்கிறது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் டெலிபோன். "பொறவு வாரும்யா, மிச்சத்தக் கேக்கணும்" என்று கையசைத்தார்.

வெளியே வந்தால் எதிர் வகுப்பின் கரும்பலகை. இரண்டு வட்டம் ஒட்டிக்கொண்டு கீழே. மேலே ஒரு வட்டம் தனியாக, அதற்கு மட்டும் மூக்குக்கண்ணாடி. மைமூன் மேடம் கண்ணாடி போடுகிறவர்.

அவர் உள்ளே போனார். பார்த்தார். டஸ்டரை எடுத்துத் துடைத்தார். "நேத்து எதுல விட்டோம்?" என்று ஆரம்பித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் வராந்தாத் தூணுக்குப் பின்னால். நாற்பத்தெட்டு வயது, தூணுக்குப் பின்னால்.

வீட்டில் கோமதி: "சொல்லிட்டீகளா?"

"அவருக்கு நேரமில்ல."

"ஊருக் கதைய எல்லாம் பேச நேரம் கெடைக்கி. இதுக்குத்தான் கெடைக்கல."

"நாளைக்குச் சொல்லிருதேன்."

"நாளைக்குத்தான அந்தப் பிள்ளைக்குப் பரீட்ச?"

ஜூலை 15, வெள்ளி

வெளிப் பேராசிரியர் ஒல்லி. பிஸ்கட்டைத் தொடவில்லை. மைமூன் தண்ணீர் இல்லாத படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். மூன்றாவது படத்தில் பேராசிரியர் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, தலைப்புல ஹைட்ரோடைனமிக் விசைன்னு போட்டிருக்கு. படத்துல அந்தத் தண்ணி எங்க?"

மைமூன் தரையைப் பார்த்தார். து.த. என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"ஐயா, அது தப்புன்னு சொன்னது நான்தான்…"

"ஆரம்பிச்சிட்டாருய்யா!" து.த. இப்போதே குலுங்கினார். "சார், எங்க துறையோட கோமாளி இவருதான். நீங்க கேட்டே ஆகணும்."

"இல்ல சார், நிசமாத்தான். விளக்கெண்ணெயில போட்டுப் பாத்தேன்…"

விளக்கெண்ணெய் என்றதும் கணக்கு வாத்தியார் மேஜையைத் தட்டினார். (இன்றும் வடை.) நான் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. எந்த மேடையிலும் எனக்கு இப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. மைமூன் சிரிக்கவில்லை. நான் மறுபடியும் கேலி செய்கிறேன் என்றே நினைத்தார், முகத்தில் தெரிந்தது.

பேராசிரியரும் சிரிக்கவில்லை. "எந்த ஜாடி? காட்டுங்க."

எல்லாரும் ஆய்வகத்துக்கு. நான் போட்டேன். ஜோடியில் ஒரு குண்டு விழுந்தது, இன்னொன்று எண்ணெயோடு விரலில் ஒட்டிக்கொண்டது. மறுபடி போட்டேன். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. பின்னால் யாரோ கனைத்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

மைமூன் முன்னால் வந்து கையை நீட்டினார். குண்டுகளைக் கொடுத்தேன். இடது கையில் ஒன்று, வலது கையில் இரண்டு. விட்டார்.

எல்லாரும் குனிந்தோம். ஜோடி நிதானமாக இறங்கி அடியில் உட்கார்ந்தது. ஒற்றை இன்னும் வந்துகொண்டிருந்தது. து.த. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார். அதே.

"சரியா வந்தத ஏம்மா எடுத்தீங்க?" என்றார் பேராசிரியர்.

"தப்புன்னு சொன்னாங்க சார்."

"யாரு?"

மைமூன் விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்தார். என் பேரைச் சொல்லியிருக்கலாம், நான் பக்கத்திலேதான் நின்றேன்.

"நான்" என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பழக்கமில்லாத அமைதி.

பழைய புரோகிராமை மைமூன் அழிக்கவில்லையாம். அடுத்த மாதம் தண்ணீரோடு திரும்பக் காட்டச் சொல்லிவிட்டுப் பேராசிரியர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

ஜூலை 16, சனி

அரை நாள். கம்ப்யூட்டர் அறை. வாசலிலேயே நின்று, ஒரு ஜோக் கூடக் கலக்காமல் மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடித்ததும் லேசாக இருந்தது. அந்த லேசு அரை நிமிஷம் நின்றது.

"தண்ணியப் போட்டுட்டேன் சார். ஓடிக்கிட்டிருக்கு" என்றார். பிறகு, "நேத்து எங்க தெரு முக்குல ஒரு பையன் ஜோடி ஜோடின்னு கத்திக்கிட்டே சைக்கிள்ல போறான். எங்க அத்தா வாசல்ல நிக்காக. யாரச் சொல்லுதான்னு எங்கிட்ட கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னேன்."

"பையங்களக் கூப்பிட்டுக் கண்டிக்கேன்மா."

"கண்டிச்சா இன்னும் சத்தமாக் கத்துவாங்க சார்." அப்போதும் குரல் ஏறவில்லை. "புரோகிராம்ல எடுத்தத நான் திருப்பிப் போட்டுக்கிட்டேன். பிள்ளைக வாயில நீங்க போட்டத யாரு சார் எடுக்கது?"

நின்றேன். அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 17, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. கோமதி பணியாரம் சுட்டாள். ஆறு சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதுதான் வெட்கம்.

ஜூலை 18, திங்கள்

காற்று இல்லை. பஸ்ஸில் கூட்டம்.

"ஏலே, ஜோடி மேடத்துக்கு வெள்ளிக்கெழம என்னாச்சாம்?"

"விளக்கெண்ணெய் ஊத்திட்டாகளாம்லே!"

டிரைவர் உட்படச் சிரிப்பு. எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினேன்.

"ஏ, சார் பேசப் போறாகலே" என்று ஒருவன் பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடித்தான். பஸ் முழுக்க முகங்கள், வாய் பாதி திறந்து, சிரிக்கத் தயாராக.

அந்த மேடம் கண்டுபிடித்தது சரி, நான் சொன்னது தப்பு, அவரைக் கேலி செய்கிற பேரை நான்தான் கிளப்பிவிட்டேன், இனிமேல் யாரும் சொல்லாதீர்கள் என்றேன்.

சிரித்தார்கள். ஒருவன் கை தட்டினான்.

உட்காரவில்லை. மறுபடியும் சொன்னேன்.