ராயப்பர் தேதி

ராயபுரம்,
6 ஜூலை 2025

மேத்யூ,

நம் தெருப் பிள்ளைகளை விற்றவன் நீ. அன்புள்ள என்று எழுதாததைக் கவனித்திருப்பாய். இதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத எனக்கு வரவில்லை.

வங்கிக் கணக்கை யாருக்கோ வாடகைக்கு விட்டேன், அதில் திருட்டுப் பணம் வந்து போனது எனக்குத் தெரியாது என்று போலீஸில் சொன்னாய். நானும் நம்பி இரண்டு மாதமாக உன் பெயிலுக்கு அலைகிறேன். இப்போது வேறொன்று தெரிந்துவிட்டது.

ராயப்பர் திருவிழா முடிந்த மறுநாள் தங்கச்சி பிரியத்துக்குக் கேமில் ஒரு செய்தி வந்திருக்கிறது. ஐயாயிரம் வைரம் இலவசம், ஐடியும் பாஸ்வேர்டும் போட்டால் போதும் என்று. அம்மாவுக்கு இதை விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

"வைரம்னா கேம்ல துணி, துப்பாக்கி வாங்குற காசும்மா."

"இல்லாத துணிக்கு இல்லாத காசா? அதுக்கா இவ ரெண்டு நாளா சோறு துன்னாம கீறா?"

அவள் சாப்பிடாமல் இருந்தது வைரத்துக்காக இல்லை. பாஸ்வேர்டைப் போட்டதும் அவள் கணக்கு பூட்டிக்கொண்டது. பிறகு ஒருவன் போன் செய்திருக்கிறான். தன்னை அட்மின் என்று சொன்னானாம். வெளியூர்க் குரல் இல்லை, நம் பாஷை.

"நீ ஐஸ் வூட்டுப் பொண்ணுதானே? உன் அண்ணன் உள்ள கீறான்ல? அவன் நல்லா இருக்கணுமா, வேணாவா? கொட்டாய் வூட்டு ஞானம், லைட் வூட்டுப் பையன், எல்லாரையும் இந்த லிங்க்ல சேத்து வுடு."

ஏழு பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். பதிமூன்று வயது. உனக்காகத்தான் செய்தாள்.

ஐஸ் வீடு என்பது அப்பா ஐஸ் உடைத்து விற்ற காலத்தில் நமக்கு வந்த பெயர். அது ஆதாரில் இல்லை, ரேஷன் கார்டில் இல்லை. பிள்ளைகளை வீட்டுப் பெயரோடு எழுதிவைத்த இடம் ஒன்றுதான்: உன் செல்போன் கடை நோட்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் கேம் போட்டி நடத்துவாயே, அந்த அறுபத்துமூன்று பிள்ளைகளின் நோட்டு. பெயர், வீடு, போன் நம்பர், கேம் ஐடி. நேற்று கடையைத் திறந்து மூலை முடுக்கெல்லாம் தேடினேன். இல்லை.

யாருக்குக் கொடுத்தாய்?

ஜானட்

•

சிறை,
15 ஜூலை 2025

யக்கா,

உன் கடிதத்தை அதிகாரி படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "உங்க அக்கா வக்கீலா?" என்று கேட்டார். இல்லை சார், கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறாள் என்றேன். "அதான் எல்லாரையும் நிறுத்திக் கேள்வி கேக்குது" என்றார்.

நோட்டு கடையில்தான் இருந்தது. போன மழையில் நனைந்திருக்கும், எலி தின்றிருக்கும். வீட்டுப் பெயர் தெருவுக்கே தெரியும். எவன் வேண்டுமானாலும் சொல்லியிருப்பான்.

நான் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கெடுதல் செய்தேன்? நாம் கிரிக்கெட் ஆடிய மைதானத்தில் இன்று டிரெய்லர் லாரி நிற்கிறது. பையன்கள் எங்கே ஆடுவார்கள்? லாரிச் சக்கரத்துக்கு நடுவிலா? என் கடையில் ஒரு ஃபேனும் வைஃபையும் இருந்தது. அவர்கள் சிரித்துப் பேசிய இடம் அது ஒன்றுதான். ஃபிட்டர் படித்த எனக்குத் துறைமுகம் கொடுத்த இடம் கேட்டுக்கு வெளியே. நானாக ஒரு இடம் உண்டாக்கினேன். அதற்கு இந்தப் பெயரா?

அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா? எனக்கு ஒரு சோப்பும் சீப்பும் அனுப்பு. பிரியத்திடம் சொல், எனக்கு ஒன்றும் ஆகாது.

மேத்யூ

•

ராயபுரம்,
20 ஜூலை 2025

மேத்யூ,

நோட்டைத் தின்ற எலி போன் செய்யாது.

சோப்பு, சீப்பு அனுப்பியிருக்கிறேன். இனி நான் எழுதுவதை உட்கார்ந்து படி.

கொட்டாய் வீட்டு ஞானம் அவன் அப்பா போனில் பிரியம் அனுப்பிய லிங்க்கிலிருந்த வைர ஆப்பைப் போட்டிருக்கிறான். அதைப் போட்டால் நம் போன் திரையில் இருப்பதெல்லாம் அங்கே தெரியுமாம். மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பணம் மொத்தமும் ஒரே நாளில் போய்விட்டது. அவனிடம் பின் நம்பரைக்கூட யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லையே!

தெருவில் யார் போன் வாங்கினாலும் உன்னிடம்தான் வந்தார்கள். என்ன நம்பர் வைக்க என்று கேட்டால், மறக்கவே மறக்காதது என்று நம் கோயில் புனிதர் ராயப்பரின் திருநாளை வைத்துக் கொடுத்தாய். ஜூன் 29. போனைத் திறக்கவும் 2906, பணம் அனுப்பவும் 2906. ஒரு தெருவுக்கே ஒரே சாவி.

ஞானத்தின் அப்பா அடித்த அடியில் பையனுக்கு ஒரு காது கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அடித்தால் பணம் வருமா என்று கேட்டேன். "உன் தம்பியை அடிக்க முடியலல்ல, இவன்தான் கைக்கு ஆப்டான்" என்றார்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வி, "பொட்டப் புள்ளைக்கு எதுக்கும்மா போனு?" பள்ளிக்கூடம் பாடத்தைப் போனில்தான் அனுப்புகிறது. சிலிண்டர் போடுகிறவன் போனுக்கு வந்த நம்பரைக் கேட்கிறான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பிரியம்தான் படித்துச் சொல்கிறாள். யாராவது கேட்டால் நம்பரைப் படித்துச் சொல்வது நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை. பிறகு ஏன் சொன்னாய் என்று அடிக்கிறோம். இதை அங்கேயே சொன்னேன். புகாரை வாங்கிக்கொண்டார்கள்.

யார்டு வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போகிறேன். இலவச வைரம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது, வந்த லிங்க்கைத் தொடாதே, தொட்டுவிட்டால் பயப்படாமல் வீட்டில் சொல், யாரும் அடிக்கக் கூடாது. இதைத்தான் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். நம்பரை மாற்றச் சொன்னால்தான் சண்டை. லைட் வீட்டு ஞானபாக்கியம் அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னாடி, ராயப்பரையே மாத்தச் சொல்றியா? கடலுக்குப் போறவன் வூட்டுல இந்தப் பேச்சு வேணாம்."

"ராயப்பர் இல்லக்கா, நம்பரு."

"உன் தம்பி உள்ள போயிட்டான்னா, ராயப்பரையும் வெளிய அனுப்புவியா?"

ஒரு வீட்டில்கூட மாற்றவில்லை.

பிள்ளைகளை விசாரித்து நாற்பத்தோரு பெயர் கண்டுபிடித்துவிட்டேன். மீதி இருபத்திரண்டு பேர் வெளியிலிருந்து உன் கடைக்கு வந்தவர்கள். எண்ணூர், எம்.கே.பி. நகர் என்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் போவதற்கு முன் அந்த அட்மின் போவான். பெயர்களை எழுது.

ஜானட்

•

சிறை,
1 ஆகஸ்ட் 2025

யக்கா,

நான்தான்.

ஏப்ரலில் ஒருத்தன் கடைக்கு வந்தான். பெயர் வெற்றி என்றான். பெரிய போட்டி நடத்தப்போகிறோம், முதல் பரிசு ஸ்கூட்டர், உன் பிள்ளைகள் எல்லோரையும் சேர்க்கலாம் என்றான். கடைக்கு மூன்று மாத வாடகை பாக்கி. அதைக் கொடுத்தான். நோட்டை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். பிறகு வங்கிக் கணக்கைக் கேட்டவனும் அவன்தான்.

இதை எழுதக் கை கூசுகிறது. பின் நம்பரையும் நான்தான் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தோம், ஒரு சிரிப்புக்காகச் சொன்னேன். "எங்க தெருவுக்கே ஒரே பின்னு ப்ரோ, ராயப்பர் தேதி." அவனும் சிரித்தான். வாய் விட்டுச் சிரித்தான்.

ஞானத்துக்கு எந்தக் காது? அவன் இடது கையால் ஆடுவான், என் கடையில் அவனை அடிக்க ஆளே கிடையாது.

தனித் தாளில் ஒன்பது பெயர் எழுதியிருக்கிறேன். எழிலன், எம்.கே.பி. நகர், மூன்றாவது மாடி. முகத்துவாரக்குப்பத்து அண்ணன் தங்கை இரண்டு பேர். இப்படி. மீதி முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. வர வர எழுதுகிறேன். முதலில் இவர்களைப் போய்ப் பார்.

அறைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அசோகன் அண்ணன். கேன்டீனில் எனக்கும் சேர்த்து பிஸ்கட் வாங்குகிறார். நம் பக்கம் பழக்கம் போல. ஐஸ் வூடு இன்னும் அதே பச்சை பெயின்ட்டா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, யக்கா. யாரோ ஒருவருக்கு நம் வீடு தெரிந்திருக்கிறதே.

பிரியத்தைத் திட்டாதே.

உன் தம்பி
மேத்யூ

•

சிறை,
19 ஆகஸ்ட் 2025

பாசமிகு சகோதரி ஜானட் அவர்களுக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். தாங்களும் தாயாரும் தங்கையும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

நோட்டு பற்றி முன்பு எழுதியது மனக்குழப்பத்தில் எழுதியது. அப்படி எந்த நோட்டும் இல்லை. வெளியூர்ப் பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டாம். தெருவில் அனைவரும் அந்தோணியார் தேதிக்கு மாறிவிட்டது அறிந்து மகிழ்ச்சி. அதையே வைத்துக்கொள்ளச் சொல்லவும். மறுபடியும் மாற்ற வேண்டாம்.

புகாரைத் திரும்பப் பெற்றால் எனக்கு இங்கே நல்லது. தங்கை டியூஷன் முடிந்து பாலத்தடி வழியாகத் தனியாக வர வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சகோதரன்
ஆ. மேத்யூ

•

ராயபுரம்,
24 ஆகஸ்ட் 2025

மேத்யூ,

எழுத்து உன்னுடையது. வார்த்தை உன்னுடையது இல்லை. பிறந்ததிலிருந்து நீ என்னை அவர்கள் என்று சொன்னதில்லை. தாயார் என்று கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறாய் என்று அம்மாவே திரும்பிப் பார்ப்பாள்.

ஞானபாக்கியம் அக்கா வீட்டிலும் பணம் போனபிறகுதான் தெரு பயந்தது. ஆகஸ்ட் பத்தாம் தேதி நான் யார்டில் இருந்த நேரத்தில் எல்லோரும் கூடி, ராயப்பருக்குப் பதில் அந்தோணியார் திருநாளைப் போட்டுக்கொண்டார்கள். 1306. திரும்பவும் ஒரே சாவி. தலையில் அடித்துக்கொண்டேன். "காணாமப் போனதைக் கண்டுபுடிச்சுக் குடுக்குறவர்டி அவரு, அவரை வுட யாரு?" என்கிறாள் அக்கா.

இதை நான் உனக்கு எழுதவில்லை. உன் ஒன்றாம் தேதிக் கடிதத்துக்கு நான் இன்னும் பதிலே போடவில்லை. மனு போட்டு உன்னைப் பார்க்க யாரும் வரவில்லை. பிரியம் டியூஷனில் சேர்ந்தது பதினொன்றாம் தேதி. அதுவும் உனக்குத் தெரியாது.

ஐஸ் வீட்டுக்கு என்ன பெயின்ட் என்று கேட்டவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அசோகனிடமிருந்து தள்ளி இரு. அவன் கொடுப்பதைத் தின்னாதே. உன்னை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்கிற அதிகாரி ஐயா, நீங்களும் தயவுசெய்து இதைப் படித்ததோடு விடாதீர்கள்.

புகாரைத் திரும்பப் பெற மாட்டேன். பிரியத்தை இனி நானே கூட்டி வருகிறேன். தெருவில் நேற்றோடு எல்லா நம்பரும் மாறிவிட்டது. இந்த முறை கெஞ்சவில்லை. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, போடவைத்தேன். எனக்கே தெரியாது. அதனால் உன்னிடம் எவன் கேட்டாலும் சொல்ல ஒன்றும் இல்லை.

நீ கொடுத்த ஒன்பது பேரையும் பார்த்துவிட்டேன். ஆறு பேருக்கு ஏற்கனவே செய்தி வந்திருக்கிறது. என்ன செய்தி தெரியுமா? "மேத்யூ அண்ணன் கடை. போட்டி மறுபடி ஆரம்பம். பத்தாயிரம் வைரம் இலவசம்." எழிலன் என்னிடம் சண்டைக்கு வருகிறான், "மேத்யூ அண்ணன் ஏமாத்த மாட்டாரு" என்று. நீ உள்ளே இருக்கிறாய். உன் பெயர் வெளியே அவர்களுக்கு வேலை செய்கிறது.

உன்னை மிரட்டுகிறார்கள் என்று தெரிகிறது. அடித்தார்களா? உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் தீரவில்லை, தீராது. ஆனால் நீ அடிவாங்குவதை நினைத்தால் சாதம் இறங்கவில்லை.

பதிமூன்று பெயர் மீதி. எழுது.

உன் அக்கா
ஜானட்

•

ராயபுரம்,
9 செப்டம்பர் 2025

மேத்யூ,

பதினாறு நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மனு போட்டு வந்தேன். கைதிக்குப் பார்க்க விருப்பமில்லை என்று எழுதிக் காட்டினார்கள். கீழே உன் கையெழுத்து.

நேற்று காலை எம்.கே.பி. நகரிலிருந்து மலிகா என்று ஒரு அம்மா தேடி வந்தார். அவர் மகள் நவ்ரீன், ஒன்பதாவது படிக்கிறவள். "மேத்யூ அண்ணன் கடையில பரிசு தர்றாங்கம்மா, வாங்கிகினு வந்துடறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

"இதுதானே கடை?" என்று கேட்டார். மே மாதத்திலிருந்து மூடிக் கிடக்கிற உன் ஷட்டர் முன்னால் நின்றுகொண்டு அவருக்கு என்ன சொல்வது? ஷட்டரைத் தட்டினார். உள்ளே யாரும் இல்லை என்றேன். திரும்பவும் தட்டினார். காணவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தோம்.

நீ எழுதாமல் விட்ட பதிமூன்றில் ஒன்று நவ்ரீன். முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை என்றாயே, பெயர் வந்துவிட்டது.

இன்னும் பன்னிரண்டு பேர். அந்த வெற்றி எப்படி இருப்பான், எதில் வந்தான், எந்தப் பக்கம் போனான்? தெரிந்ததை எல்லாம் எழுது. பயமாக இருந்தால் அதிகாரியிடம் வாயால் சொல்.

ஜானட்

•

அஞ்சலட்டை
ராயபுரம், 20 செப்டம்பர் 2025

மேத்யூ,

நவ்ரீன் இன்னும் வரவில்லை. மலிகா அம்மா தினமும் காலையில் வந்து உன் கடை வாசலில் உட்காருகிறார்.

பன்னிரண்டு பெயரையும் எழுது.

ஜானட்