கைக்குட்டையில் சுற்றிய காந்தம்

பாய்,

முந்தாநாள் காலை பட்டி டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. உடனே உன் இருமல் கேட்டது போல இருந்தது. பெயிண்டுக்கு முன் மேடுபள்ளம் நிரவ நான் பட்டி குழைக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே இருமுவாயே, அந்த இருமல். திரும்பிப் பார்த்தேன். செட்டிகுளத்து வாத்தியாரின் வெள்ளை அம்பாசிடர்தான் நின்றது. இடது கதவுக்குக் கீழே நீ வெட்டிய இடம் அப்படியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. துருவை வெட்டி எடுத்தாய். புதுத் தகரம் வைப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நம் பெரம்பலூர்ப் பட்டறையில் தகரத்தை வெட்டி ஒட்டும் டிங்கர் வேலை உன்னுடையது, பெயிண்ட் வேலை என்னுடையது. மற்றவர்கள் ஓட்டை விழுந்த தகரத்தில் பட்டியை அப்பி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். அடுத்த மழைக்குக் கொப்புளம் கிளம்பிவிடும். நீ சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாய். சத்தம் கணீரென்று வரும்வரை வெட்டிக்கொண்டே போவாய். கையளவு துருவுக்குக் கதவளவு வெட்டுகிறாயே என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன்.

"கத்து மாப்ள. எனக்கு சுத்தியல் சத்தம்தான் கேக்கும்" என்பாய்.

வண்டியை ஒப்படைக்கும்போது நீ செய்வது இன்னும் திமிரான வேலை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை, பெயிண்டில் கீறல் விழாதபடி கைக்குட்டையில் சுற்றி, வண்டிக்காரர் கையிலேயே கொடுப்பாய். "எங்க வேணாலும் ஒட்டிப் பாருங்க சார். தகரம்னா பிடிக்கும். விழுந்துச்சுன்னா அது பட்டி. வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க." உன் வேலையை நீயே சோதனைக்கு வைக்கிற அந்தத் தைரியம் எனக்கு வந்ததே இல்லை. பார்க்கப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

வாத்தியார் நல்ல மனிதர். இந்த வாரம் மகள் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான். பாய்தான் இல்லையே, பட்டி வைத்து மூடிவிடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். அதனால்தான் டப்பாவைத் திறந்தேன். ஆனால் நீ கைவைத்த கடைசி வண்டி இது. இதில் பட்டி அப்பினால், இத்தனை வருஷம் நீ பேசியதெல்லாம் வாய்ச்சவடால் என்று நானே சொன்னதாக ஆகிவிடும். டப்பாவை மூடிவிட்டு உன் தகரக் கத்திரியை எடுத்தேன்.

பக்கத்தில் நின்று பார்த்தது வேறு, கையில் பிடிப்பது வேறு. முதலில் வைத்த தகரம் வெல்டிங் சூட்டில் அப்பளமாக நெளிந்தது. அப்புறம்தான் நீ ஒரே இடத்தில் நிற்காமல் இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று வைத்து ஆறவிடுவது நினைவுக்கு வந்தது. அப்படியே செய்தேன். பொழுது சாய்வதற்குள் ஒருவழியாக உட்கார்ந்தது. அழகில்லைதான். நீ பார்த்திருந்தால் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். ஆனால் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். அது என் வேலை, அதில் நீ குறை சொல்ல முடியாது.

இன்று காலை வாத்தியார் வந்தார். நீ வைத்த இடத்திலேயே கைக்குட்டையோடு கிடந்த காந்தத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். நீ சொல்வதை அப்படியே சொல்லத்தான் நினைத்தேன். "ஒட்டிப் பாருங்க சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் குனிந்து, கதவுக்குக் கீழே வைத்து, கையை எடுத்தார்.

விழவில்லை, பாய்.

வண்டி போன பிறகு காந்தத்தை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இனிமேல் அதை நான்தானே நீட்ட வேண்டும்.