ஒஸ்தாவைத் திருப்பி அனுப்புங்கள்

மச்சான்,

ஷிப்டு முடிந்து வந்ததும் தொட்டிலைப் பார்த்துப் பதறாதீர்கள். பிள்ளை என்னோடுதான் இருக்கிறான். பத்து மணிக்கு சுன்னத்து செய்ய ஒஸ்தா வருவார். டீ கொடுத்து, இன்றைக்கு வேண்டாமென்று அனுப்பிவிடுங்கள்.

நேற்று என்னைப் பயந்தாங்கொள்ளி என்றீர்கள். இருக்கட்டும். போன வாரம் பிள்ளைக்கு முடி இறக்கும்போது கத்தி லேசாகக் கீறியதற்கே சாயங்காலம் மஃரிப் பாங்கு வரை ரத்தம் கசிந்ததே! அப்போது என் அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். "சூட்டு உடம்புடி, ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல்கூட உறையூருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

என் தம்பி சுன்னத்து முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சலில் மௌத்தானான் என்றுதான் அம்மா இன்றுவரை சொல்கிறார்கள். காய்ச்சலென்றால், அவன் படுத்த பாயை ஏன் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்கள்? இன்று உறையூருக்கே போய் அம்மாவிடம் கேட்காமல் விடமாட்டேன். கேட்டுவிட்டு, பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வருவேன்.

சோறு பானையில் இருக்கிறது. மீன் குழம்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

ஹமீதா

எழுதி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் ஒரு தம்பி இருந்தாராம். அவரும் சுன்னத்து முடிந்த மூன்றாம் நாள்தான். அதே காய்ச்சல்தான்.