நோயாளியின் கனம் போதாத லாரி

செமோர்,
1927, ஆனி மாதம்

அன்பு மகன் பத்துமலைக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு, நனைந்த சட்டையோடு படுக்காமல் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பெண் குழந்தை, இருவரும் நலம் என்ற தந்தி கிடைத்திருக்கும். அது முழு உண்மை, சந்தேகம் வேண்டாம். நவமணி ஈப்போ ஆஸ்பத்திரியில் இன்னும் சில நாள் இருக்க வேண்டும், உன் அம்மா கூட இருக்கிறாள், குழந்தை உன் மூக்கோடு பிறந்திருக்கிறது, அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் உன் மனைவி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது தந்தியில் அடங்கவில்லை. இத்தனை காலம் ரப்பர் தோட்டத்தில் மருந்து கட்டும் டிரெசராக இருந்து எல்லா விதக் காயத்தையும் பார்த்தாயிற்று, இனி என்னை எதுவும் அதிரவைக்காது என்று நினைத்திருந்தேன். இப்போது எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குறை சொல்லாதே. நீ மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்கிறவன், ஆகையால் எல்லாவற்றையும் படித்துவிட்டு நான் கேட்பதற்குத் தாமதமில்லாமல் பதில் சொல்.

நோயாளியை மாட்டுவண்டியில் அனுப்புவது நாகரிகமில்லை என்று துரைக்கு இந்த வருடம் தோன்றியது. சீமையிலிருந்து வந்த லாரி சேசிஸ் ஒன்றை வாங்கி, மேலே மரக்கூடு கட்டி ஆம்புலன்ஸ் ஆக்குவது என்று முடிவு. சேசிஸ் என்றால் என்ன என்று உன் அம்மா கேட்டாள், சதை வைக்காத எலும்பு, இஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டும் என்றேன், அப்படியானால் நோயாளிக்குப் பொருத்தம்தான் என்றாள். ஈப்போ பட்டறையில் சிறிதும் பெரிதுமாக இரண்டு சேசிஸ் இருந்தன. எது நல்லது என்று சொல்ல மூன்று மெக்கானிக்குகள் கூடினார்கள். நம் தோட்டத்து இஞ்சின்கார மாயாண்டி, பட்டறையின் சீன மேஸ்திரி ஆ ஃபூக், லகாட் ஈயச்சுரங்கக் குட்டையில் மண் லாரி ஓட்டிப் பழுது பார்க்கும் சீனி. வைத்தியத் தரப்பில் நான். மூன்று மெக்கானிக்குகள் ஒரே அபிப்பிராயம் சொன்னால் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பது எனக்கு அன்று தெரியாது. ஈயக்குட்டைக்காரர்களுக்கு லாரியைச் சோதிக்க ஒரே முறைதான், ஸ்பிரிங் பட்டை வளையும்வரை மூட்டை ஏற்றுவது. சின்னது வளைந்து கொடுத்தது, சீனி அதைக் காலால் தள்ளிப் பார்த்து, “இது லாரியா அண்ணே, தொட்டில்லா” என்று சிரித்தான். தொட்டிலைத்தான் தேடி வந்திருக்கிறோம் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பெரியது பட்டறையில் இருந்த மூட்டை முழுவதையும் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது, ஆதிசேஷன் வேலையை விட்டால் உடனே நியமிக்கலாம். ஆ ஃபூக் எருமையைத் தட்டுவதுபோல் அதைத் தட்டி “குவாட், குவாட்” என்று அதன் பலத்தை மலாயில் மெச்சினான். நோயாளி ஒருவர் அரிசி மூட்டை கனம்கூட இருக்க மாட்டாரே என்று நான் கேட்டதற்கு மாயாண்டி, “அதெல்லாம் கணக்குல வராது டிரெசரய்யா, நோயாளி கனமெல்லாம் ஒரு கனமா” என்றான். பெரியதை வாங்கினார்கள்.

முதலில் ஏறியவர் பால் வெட்டும் சன்னாசி, முழங்கையில் சீழ்க்கட்டி. நானும் கூட ஏறினேன். சக்கரத்தில் இருப்பது கெட்டி ரப்பர், காற்று இல்லை. கீழே இருப்பது மலையைச் சுமக்கப் பிறந்த ஸ்பிரிங், எங்கள் இருவரையும் அது கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு குழிக்கும் நாங்கள் கூரையைத் தொட்டுவிட்டு வந்தோம். ஈப்போவில் இறங்கிய சன்னாசி டாக்டரிடம் கழுத்தையும் இடுப்பையும் காட்டினார், கட்டியை மறந்துவிட்டார், அது வழியிலேயே உடைந்திருந்தது. துரை அதை லாரியின் வைத்தியத் திறமையில் சேர்த்துக்கொண்டார். நான் முறையிட்டதன்பேரில் மெக்கானிக்குகள் மறுபடி கூடி ஆராய்ந்தார்கள். குற்றம் லாரியிடம் இல்லை, நோயாளியிடம் இருக்கிறது. “லோடு பத்தலய்யா, கனம் இருந்தா பட்டை இறங்கும், அப்பறம் ஊஞ்சல் மாதிரி போவும்” என்றான் சீனி. மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தார்கள், வாஸ்தவம்தான். மாயாண்டி பட்டையில் சிலதைக் கழற்றிவிடலாம் என்றான். துரை சம்மதிக்கவில்லை, அதே லாரியில்தான் ரப்பர் ஷீட்டும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், புகைக்கூடத்தில் தீப்பிடித்தால் தண்ணீர்த் தொட்டியும் போக வேண்டும். சும்மா மணலைச் சுமந்து எண்ணெய் எரிப்பதும் அவருக்குச் சம்மதமில்லை. ஆகவே ஷீட் ஏற்றும் நாளில் ஷீட்டுக்கு மேலே நோயாளியை வைத்து அனுப்புவது என்று உத்தரவாயிற்று. காலையில் ஆள் கூடும் பெரட்டில் கங்காணி இதை அறிவித்தபோது பால் வெட்டும் இருளாயி, “சரிலா கங்காணி, ஷீட்டு போற நாளாப் பாத்து சீக்கு வரச் சொல்றோம்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை, கங்காணி தலையாட்டினார்.

நவமணிக்கு ஷீட் போன மறுநாள் வந்தது. வலி இல்லை, வெறும் இரத்தம். மாதமும் முழுதாக ஆகவில்லை. நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் என்னிடம் இருப்பது அயோடினும் தைரியமும், அந்த மத்தியானம் இரண்டில் ஒன்றுதான் மிச்சம். ரயில் மாலையில், மாட்டுவண்டி போய்ச் சேர இருட்டிவிடும், லாரி வாசலில் நின்றது, ஸ்டோரில் ஒரு ஷீட் கிடையாது. வெறும் லாரியில் அவளை ஏற்றினால் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று மாயாண்டியே சொன்னான். மணல் மூட்டை கட்ட ஆட்களைத் தேடி ஓடினேன். ரப்பர்ப் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வாளியோடு நின்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன், இருளாயி வாளியைக் கீழே வைத்தாள். “மண்ணு அள்ளிக் கட்றதுக்குள்ள பொழுது போயிரும்லா. ஷீட்டுக்குப் பால் வெட்டுன ஆளு நாங்க இல்லியா, ஏறுங்கடி” என்றாள். அவ்வளவுதான். ஏறினார்கள். சன்னாசியும் கழுத்துக் கட்டோடு ஏறினார். மாயாண்டி மண்ணில் படுத்துப் பட்டையைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் ரெண்டு பேரு, பின்னால, பின்னால” என்று கூவிக்கொண்டிருந்தான். ராக்காயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அவளும் பிள்ளைத்தாய்ச்சிதான், நீ வேணாம் தாயி என்று தடுத்தான். “நான் ரெண்டு ஆளு கனம் அண்ணே, லாபம்தானே” என்று அவனைத் தள்ளிவிட்டு ஏறி, நவமணியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஊஞ்சல் போலத்தான் போயிற்று. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஆனால் உண்மை. குழி வந்தால் எல்லோரும் ஒரே மூச்சாக அழுத்தி உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கதவு திறந்ததும் நர்ஸ் பார்க்கிறாள், இறங்குகிறார்கள், இன்னும் இறங்குகிறார்கள். இதில் யார் நோயாளி என்று கேட்டாள். “நடுவுல இருக்கு மிஸ்ஸி, நாங்கல்லாம் லோடு” என்றாள் இருளாயி. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இருவரும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

என்னை அதிரவைத்தது இதுவல்ல. மறுநாள் துரை என் கையைக் குலுக்கினார். இத்தனை பேரோடு ஒரு குலுக்கலும் இல்லாமல் போன சேசிஸ் ஆம்புலன்ஸுக்கு இதைவிட வேறு வேண்டுமா என்று பக்கத்துத் தோட்டத்துத் துரையிடமும் சிபாரிசு செய்துவிட்டார், அங்கேயும் ஒன்று வருகிறது. ஆ ஃபூக், தான் சொன்னது பலித்தது என்கிறான். லாரியில் ஏறியவர்கள் எல்லோருக்கும், அன்று மத்தியான வேலைக்கு வராததால், ஆள் இல்லை என்று கணக்கெழுதும் கிராணி போட்டிருக்கிறார், அன்றைய கூலி கிடையாது. இனி அனுமதியில்லாமல் லோடாக ஏறுகிறவர்களுக்குப் பேர் வெட்டு, வேலை போய்விடும், லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று பெரட்டில் சொல்லியாகிவிட்டது.

இப்போது உன் வேலை. துரை அடுத்த வாரம் பினாங்கு போகிறார். அந்தச் சமயத்தில் பட்டையைக் கழற்ற மாயாண்டி தயார். அவன் நான்கு என்கிறான், சீனி இரண்டு போதும் என்கிறான், ஆ ஃபூக் ஒன்றைக்கூடத் தொடாதே என்கிறான், மூவரும் இந்த முறை சண்டை போடுகிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அதிகம் கழற்றினால் ஷீட் ஏற்றும் நாளில் சட்டம் அச்சில் இடித்து எல்லாம் வெளிப்படும், குறைவாகக் கழற்றினால் கழற்றியும் பயனில்லை. பின்பக்கம் ஒவ்வொரு புறமும் பத்துப் பட்டை, ஏற்றுவது மூன்று டன்னுக்கு மேல் போகாது. உங்கள் பட்டறையில் பெரியவர்களைக் கேள், கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

குழந்தைக்குப் பெயரை நீ வரும்போது வைக்கலாம். நீயும் உன் குடும்பமும் நோய்நொடியில்லாமல் இருக்க அம்மாவும் நானும் கும்பிட்டுக்கொள்கிறோம், இரும்பின் கீழே படுத்து வேலை செய்யும்போது முட்டு சரியாக நிற்கிறதா என்று இரண்டு தரம் பார். கடிதம் எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, எத்தனை பட்டை என்ற இலக்கத்தை மட்டும் தந்தியில் அனுப்பு. ராக்காயிக்கு அடுத்த மாதம், நேற்று அவளுக்குக் கால் வீங்கியிருந்தது.

உன் அப்பா,
சின்னையா