முதுகில் தைத்த பெயர்

அன்புள்ள பூசணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ நலமா, உன் இடது முழங்கால் நலமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதச் சொல்கிறாள் உன் அம்மா. போன ஆட்டத்தில் நீ விழுந்து எழுந்தபோது அந்தக் காலை ஊன்றத் தயங்கினாய் என்கிறாள். நான் அதைக் கவனிக்கவில்லை, உன் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளில் இழுக்கிறது, உங்கள் கிளப்புக்குத் தைக்கிறவன் யாரோ ஆளைப் பார்க்காமலே தைக்கிறான். உன் தங்கச்சி பட்டம் வாங்கியதிலிருந்து வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், இரண்டு இடத்திலும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரிந்திருந்தும் வாய் வரவில்லை என்று திரும்பி வந்தாள். அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அவள் பேசாமல் இருந்தாலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற பெண், அது பின்னால் தெரியும். நம் தையல்கடைக்கு எதிரில் இருந்த டயர் கடையை மூடிவிட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறார்கள், அதனால் தெருவில் இப்போது ரப்பர் வாசனை இல்லை.

இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடும்போது ஒன்று பஸ்ஸில் இருக்கிறாய், இல்லை பயிற்சிக்கு ஓடுகிறாய், அம்மா போனைப் பிடுங்கி சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு முடிப்பதற்குள் உன்னை யாரோ கூப்பிட்டுவிடுகிறார்கள். இது அப்படி அவசரத்தில் சொல்லக்கூடியது இல்லை. நிதானமாக உட்கார்ந்தாலும் சொல்ல வருமா என்று சந்தேகம்தான், ஏனென்றால் எனக்கே இன்னும் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தால் பிடிபடுமோ என்றுதான் வெட்டுமேஜையில் துணியை ஒதுக்கிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ படித்த காலேஜில் பெண்கள் கால்பந்து அணி இப்போதும் இருக்கிறது. இப்போது ஆடுகிறவர்கள் எல்லாம் நீ போன பிறகு சேர்ந்த பிள்ளைகள், உன்னை நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனால் நீ எந்த ஆட்டத்தில் எந்தப் பக்கமாக ஓடினாய் என்று என்னைவிட நன்றாகச் சொல்கிறார்கள். வருஷ ஆரம்பத்தில் மொத்தமாகக் கடைக்கு வந்து, "அங்கிள், அக்கா போடற மாதிரி எங்களுக்கும் தைச்சுக் கொடுங்க, கிளப் சட்டை விக்கற விலைக்கு எங்களால வாங்க முடியாது" என்று நின்றார்கள். எனக்கு என்ன தோன்றியிருக்கும் சொல். நீல வலைத்துணி வாங்கி, உங்கள் கிளப் சின்னம் எதுவும் வைக்காமல், முதுகில் உன் பெயரையும் பதினொன்று என்கிற எண்ணையும் வெள்ளைத் துணியில் வெட்டி ஒட்டுத்தையல் போட்டுக் கொடுத்தேன். வேறு வேறு எண் போட்டுத் தரட்டுமா என்றதற்கு ஒருத்திகூட ஒத்துக்கொள்ளவில்லை, கோல் காக்கிறவள்கூட எனக்கும் பதினொன்றுதான் என்றாள், பந்தயத்துக்கு இல்லை, பயிற்சிக்குத்தானே என்றார்கள். ஒரு நாள் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். உன் பெயர் உன் பெயருக்குப் பந்தைத் தள்ளுகிறது, இன்னொரு உன் பெயர் குறுக்கே வந்து பறிக்கிறது, உன் பெயரே தடுக்கி விழுந்து உன் பெயரையே திட்டுகிறது. சிரிப்பாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. அவர்கள் அதைப் படம் எடுத்து, தைத்துக் கொடுத்தது அக்கா பெயரில் இருக்கிற தையல்கடைதான் என்று எழுதி எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டார்கள். அங்கேதான் ஆரம்பித்தது.

உங்கள் கிளப்பின் வக்கீல்களிடமிருந்து பதிவுத்தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. கடை உரிமையாளர் அவர்களுக்கு என்று போட்டிருந்தது, நான் உன் அப்பா என்பது அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தங்கச்சிதான் படித்துச் சொன்னாள். உன் பெயரையும் எண்ணையும் சட்டையில் போட்டு விற்கிற உரிமை கிளப்புக்கு மட்டுமே உண்டு, வீராங்கனை அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார், உங்கள் கடை அந்தப் பெயரின் புகழை வைத்து ஆதாயம் தேடுகிறது, சட்டைகளை எல்லாம் அழித்துவிட்டு, கூடவே அனுப்பியிருக்கும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் வழக்குத் தொடுப்போம் என்று இருந்தது. அந்த உறுதிமொழியை அவள் இரண்டாவது தடவை மெதுவாகப் படித்தாள். இந்தப் பெயரின் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இனி எக்காலத்திலும் இதை வணிகத்தில் பயன்படுத்த மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "பேரு வச்ச மனுஷன்கிட்டயே பேரு உன்னுது இல்லன்னு எழுதி வாங்கறாங்களா" என்றாள். வச்சவனுக்கு உரிமை இல்லையா என்று நான் கேட்டதற்கு, "உங்களுக்கு இல்லன்னு வேணா சொல்லட்டும், பத்து மாசம் சுமந்தவளையும் சேர்த்துச் சொல்லியிருக்காங்களான்னு பாரு" என்று தங்கச்சியிடம் காகிதத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னாள்.

கடைக்கு மேல் மாடியில் இருக்கிற வக்கீலிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டுத் தகராறு, பாகப்பிரிவினை பார்க்கிறவர், விளையாட்டு வழக்கு இதுதான் முதல் தடவை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "பேரு உங்க பொண்ணோடதுதான். ஆனா அந்த எண்ணோட சேர்ந்து முதுகுல வந்தா அது கிளப்போட சரக்கு" என்றார். எண்ணை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்தால் என்று கேட்டேன், யோசித்தார். பெயரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்தால் என்று கேட்டேன், அதற்கும் யோசித்தார். பெயரை முன்பக்கம் வைத்தால் என்று கேட்டபோது, "அண்ணே, என்னைக் குழப்பாதீங்க" என்று தண்ணீர் குடித்தார். உன் படம் ஒன்றைக் கடையில் மாட்டலாமா என்று காலேஜ் அலுவலகத்தில் கேட்கப் போனால், காலேஜ் சட்டையோடு எடுத்த படம் காலேஜுக்குச் சொந்தம், சேர்க்கை விளம்பரத்துக்கு மட்டும்தான் என்கிறார்கள். வீட்டில் வந்து சொன்னேன். "மூஞ்சி காலேஜுக்கு, பேரு கிளப்புக்கு, நமக்குன்னு மிச்சம் இருக்கறது அவ கோபம் ஒண்ணுதான்" என்றாள் அம்மா.

அந்த வக்கீலேதான் இரண்டு நாள் கழித்துப் படியிறங்கி ஓடிவந்தார். தெருவில் நின்று எங்கள் கடைப் பலகையையே அண்ணாந்து பார்த்தார். நீ பிறந்த வருஷம் போட்ட பலகை, உன் பெயர் போட்டுப் பக்கத்தில் டெய்லர்ஸ் என்று இருக்கிறதே, அதைத்தான். "இந்தப் பேர்ல எத்தனை வருஷமா வியாபாரம் பண்றீங்க, அந்தக் கிளப்பே அப்புறம்தான் ஆரம்பிச்சது" என்றார். அப்படியென்றால் துணி வியாபாரத்தில் இந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியது நான்தானாம், கிளப் போடுகிற சட்டைக்கு நான்தான் அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டுமாம், நன்றாகப் போராடினால் பெயர் என் பக்கம் வந்துவிடுமாம். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் தங்கச்சி பொத்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளி ஆள் எதிரில் வாயே திறக்காதவள், "பேரு கிளப்புக்கு இல்லன்னா அப்பாவுக்கு, அப்பாவுக்கு இல்லன்னா கிளப்புக்கு. அக்காவுக்கு எப்ப சார் வரும்" என்று கேட்டாள். வக்கீல் மறுபடி பலகையை அண்ணாந்து பார்த்தார். தொட்டிலில் கிடந்தபோது உன்னைக் கேட்டா பலகை எழுதினேன் என்று அப்போதுதான் தோன்றியது, கேட்டிருந்தாலும் நீ அழுதிருப்பாய், அது வேறு விஷயம்.

அதனால் எதிர் நோட்டீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் பெயருக்காக நான் ஒரு பக்கமும் நீ ஆடுகிற கிளப் ஒரு பக்கமும் கோர்ட்டில் நின்றால் நீ எந்தப் பக்கம் நிற்பாய், நின்ற பிறகு உன்னை ஆட விடுவார்களா, அதுவும் உன் புது ஒப்பந்தம் அடுத்த மாதம் என்கிற நேரத்தில். நான் அப்பா என்று கிளப்புக்கு எழுதலாமா என்றால் அதிலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "சொல்லாதீங்க, அவ வாய்ப்பு கெட்டுடும்" என்கிறாள் அம்மா. சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்றார் வக்கீல், கொஞ்ச நேரம் கழித்து, ஒப்பந்தத்தில் குடும்பத்தாரையும் கட்டுப்படுத்தி ஏதாவது இருந்தால் நீயே எங்களை ஏவிவிட்டாய் என்றும் ஆகலாம் என்றார். தங்கச்சி கேட்கச் சொன்னது ஒன்றுதான், அக்கா கையெழுத்துப் போட்டபோது அதை யாராவது அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினார்களா என்று. உன் மேல் குறை சொல்லவில்லை கண்ணு. நீ கையெழுத்துப் போட்ட அன்று பேனாவோடு படம் அனுப்பினாய், நாங்கள் அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டினோம், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சட்டைகளை அந்தப் பிள்ளைகளிடம் திரும்ப வாங்கி எழுத்துகளைப் பிரித்துவிட்டேன். அழிக்கச் சொல்லியிருந்தார்கள், நல்ல துணியை எரிக்க எனக்கு மனசு வரவில்லை. தைப்பதைவிடப் பிரிப்பதுதான் கஷ்டம், பிளேடு நழுவினால் வலைத்துணி கிழிந்துவிடும். எல்லாம் பிரித்துத் துவைத்து இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டால், வெயிலில் ஓடி வெளுத்த துணியில் எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், சுற்றிலும் ஊசித் துளையோடு, உன் பெயர் அப்படியே தெரிகிறது. மறுபடி துவைத்தேன், போகவில்லை. வக்கீலைக் கூப்பிட்டு, இது பெயரா, பெயர் இல்லாத இடமா, சட்டத்தில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

பிள்ளைகள் வாங்க வந்தபோது முகம் வாடி நின்றார்கள். அதில் ஒருத்தி அம்மாவைப் பார்த்து, "ஆன்ட்டி, வீட்ல அக்காவை எப்படிக் கூப்பிடுவீங்க" என்று கேட்டாள். நான் சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவதற்குள் உன் அம்மா சொல்லிவிட்டாள். ஏன் அந்தப் பெயர், பிறக்கும்போது எவ்வளவு உருண்டையாக இருந்தாய், தவழாமல் உருண்டே வாசல் வரைக்கும் போவாய் என்பது வரைக்கும். நாட்டிலேயே வேகமாக ஓடுகிறவள் வீட்டில் பூசணியா என்று கடையே அதிர அவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த இடத்தின் மேல் அதையே தைத்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள், எல்லோருக்கும். நான் ஒரே ஒரு சட்டையில் எழுத்தை வைத்துக் குண்டூசி குத்தி அளவு பார்த்தேன், துளையெல்லாம் மறைந்துவிடுகிறது. ஆனால் தைக்கவில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் தைக்க மாட்டேன்.

ஆகவே எனக்குப் பதில் எழுது. உறுதிமொழியில் கையெழுத்துப் போடு என்றால் போடுகிறேன். பலகையை இறக்கு என்றாலும் இறக்குகிறேன், அம்மாதான் ஏணியைப் பிடிக்க மாட்டேன் என்கிறாள். மாதக் கடைசிக்குள் உன் பதில் வர வேண்டும், முழங்காலைப் பற்றியும் அதிலேயே எழுது, மறைக்காமல். அந்தப் பிள்ளைகளுக்குப் பூசணி என்று தைக்கலாமா வேண்டாமா என்பதையும் சொல், வேண்டாம் என்றால் குண்டூசியை எடுத்துவிடுவேன், எனக்கு வருத்தம் இல்லை. புது ஒப்பந்தம் வரும்போது அவசரப்படாதே, தங்கச்சிக்கு ஒரு பிரதி அனுப்பு, அவள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். எதை எழுதிக் கொடுத்தாலும் இந்த ஒரு பெயரை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே. உன் காலுக்கு ஒன்றும் ஆகாமல், மனசு நிறைந்து நீ ஆட வேண்டும், நாங்கள் மூன்று பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உன்னைப் பூசணி என்று கூப்பிட இன்னும் உரிமை உள்ள,
அப்பா