வாசலில் நான் கேட்ட கேள்வி

போன கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் மகள் ஒரு கொம்பியூட்டரைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தாள். பிரித்து என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், கட்டுகிறாளாம். பவர் சப்ளை எத்தனை வாட் வேண்டும், கிறபிக்ஸ் காட்டுக்குத் தனி வயர் இழுக்கவேண்டுமா என்று தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தவள், விரலளவு தகடொன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இதுதான் அப்பா இப்பத்தையான் டிஸ்க். உள்ளுக்கை ஒண்டும் சுத்தாது." பூட்டி, ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த சுவிச்சைப் பட்டென்று தட்டி நிறுத்தினாள். "பார்க் பண்ணாமல் நிப்பாட்டாதை" என்று நான் போட்ட சத்தத்தில் குசினியிலிருந்த மனைவி கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். பார்க் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

உமக்குத் தெரியும். அதனால்தான் உமக்கு எழுதுகிறேன்.

மானிப்பாயில் என் றேடியோ திருத்தும் கடைக்கு நீர் முதலில் வந்தது உம்முடைய அக்காவின் றேடியோவோடு. யுத்தத்தில் மின்சாரம் நின்று மூன்றாவது வருடம். பற்றறி கொண்டுவரத் தடை. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டது. நீர் நில அளவைக் கந்தோரில் படவரைஞர். அளக்க நிலம் இருந்தது, போய் அளக்க வழியில்லை. கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி 'அ' என்ற எழுத்தை வரைந்து கொண்டுவந்து, "இதைக் கொம்பியூட்டர் திரையிலை கொண்டுவரேலுமோ?" என்று கேட்டீர். விளக்குக்கு எண்ணெய் இல்லாத ஊரில் விசர் பிடித்த இரண்டு பேர் கொம்பியூட்டர் கட்டப்போகிறார்கள் என்று ஒழுங்கைத் தெரு முழுவதும் சிரித்தது. சிரிக்கட்டும் என்றீர். "நீர்" என்று தொடங்கிய நம் பழக்கம் கடைசிவரை "நீ" ஆகவில்லை. ஆனாலும் உம்மைவிட நெருங்கிய சிநேகிதன் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கந்தோர் ஒன்றில் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி அகப்பட்டது. உள்ளே பாதி இல்லை. அச்சுவேலியில் ஒருவர், முன்பு கொம்பியூட்டர் திருத்தியவர், மிச்சச் சாமான்களை நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். திரைக்குப் பூட்டும் காட் இரண்டு விதம் இருந்தது, நிறம் ஒன்று, ஒற்றை நிறம் ஒன்று. நான் நிறத்துக்கு ஆசைப்பட்டேன். "எழுத்துக்கு நிறம் என்னத்துக்கு? இதிலைதான் புள்ளி சின்னன். சுழி உடையாது" என்று ஒற்றை நிறத்தை எடுத்தீர். சரியான தெரிவு. பவர் சப்ளைக்கு மண்ணெண்ணெய் ஜெனரேற்றரா, லொறிப் பற்றறியா என்ற கேள்வி வந்தபோது நீர் யோசிக்கவே இல்லை. "எஞ்சின் ஓடினால் குண்டு போடப் பொம்பர் வாற சத்தம் கேக்காது. காது சும்மா இருக்கவேணும்." அதுவும் சரி. நான் ஒரு இன்வேட்டர் செய்து பழைய லொறிப் பற்றறியில் பொருத்தினேன்.

மூன்றாவதில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். கடையிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு றேடியோவுக்கு மாற்றாக, இரண்டு புளொப்பி டிறைவ் அல்லது ஒரு ஹாட் டிஸ்க், ஏதாவது ஒன்றை எடுக்கச் சொன்னார் அந்த மனிதர்.

"புளொப்பி காணும்," என்றீர். "பொம்பர் வந்தால் தட்டை இழுத்து மடியுக்கை வைச்சுக்கொண்டு ஓடலாம்."

"பூஞ்சணம் பிடிச்சால் வேறை தட்டுக்கு எங்கை போறது? ஹாட் டிஸ்க்கை எடுப்பம்."

"உது உமக்குத்தான் தெரியும். எடும்."

செங்கல் மாதிரி கனத்த அதை அக்காவின் பழைய சேலையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி, மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தோம். வந்து பூட்டினால், அதைச் சுழலவைக்க என் இன்வேட்டரால் முடியவில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு ஜெனரேற்றரைத் தேடிப் பிடித்து உம்முடைய வீட்டுப் பின்பத்தியில் வைத்தோம். வேண்டாமென்று நீர் ஒரு சொல் சொல்லியிருந்தால் புளொப்பியை மாற்றி வாங்கியிருக்கலாம். நீர் சொல்லவில்லை. நானும் என் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். எஞ்சின் ஓடும்போது ஒருவர் ஒழுங்கை முகப்பில் நின்று காது கொடுக்கவேண்டும். சத்தம் கேட்டால் ஓடிவந்து எஞ்சினை நிறுத்தவேண்டும். அதற்குள் மற்றவர் டிஸ்க்கை பார்க் பண்ணவேண்டும். அந்தக் காலத்து டிஸ்க்குக்கு அப்படி ஒரு கட்டளை இருந்தது. வாசிக்கும் முனையை ஓரமாக ஒதுக்கி வைக்கும். ஒதுக்காமல் மின்சாரத்தை நிறுத்தினால் முனை தட்டில் விழுந்து கீறும். ஒருமுறை அப்படியே விட்டு ஓடி, அதில் ஏற்றியிருந்த ககர வரிசை எழுத்து முழுவதும் போயிற்று. நீர் கிராப் தாளை எடுத்து மறுபடி 'க'வில் தொடங்கினீர். ஆத்திரப்பட்டது நான்தான்.

அன்றைக்குக் காலை பத்து மணியிருக்கும். காது கொடுக்கும் முறை என்னுடையது. சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அக்கா கிணற்றடியில் வெட்டிய பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்கிவிட்டார். நீரும் வாசற்படிக்கு வந்துவிட்டீர். ஒரு கால் முற்றத்தில் இருந்தது. எஞ்சினை நிறுத்தக் கை வைத்த நான், நிமிர்ந்து, வீட்டினூடாக வாசலில் தெரிந்த உம்மைப் பார்த்து, அதன் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கேட்டேன்.

"பார்க் பண்ணினீரோ?"

நீர் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனீர். உமக்காக எஞ்சினை ஓடவிட்டு, நான் போய்ப் பங்கருக்குள் இறங்கினேன். புழுதி அடங்கி ஏறிவந்தபோது வீட்டின் முன்பக்கம் இல்லை. பின்பத்தியில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணெய் முடியும்வரை அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

முப்பத்தோராம் நாள், உம்முடைய அந்தியேட்டிக்கு, நினைவு மலராகக் கல்வெட்டு அடித்தார்கள். அப்பியாசக் கொப்பியின் கோடு போட்ட தாளில் அச்சடித்த சின்னப் புத்தகம். நண்பர் என்ற முறையில் என்னிடம் ஒரு பக்கம் கேட்டார் அக்கா. தமிழ் எழுத்தை விட்டுவர மனமில்லாமல் நீர் திரும்பிப் போனதாக எழுதினேன். நல்ல நடை என்று எல்லோரும் சொன்னார்கள். வாசித்துவிட்டு அழுதார்கள். உம்மை ஒரு தியாகி ஆக்கி, அதன் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். முப்பது வருடமாக அக்காவின் வீட்டில் தேத்தண்ணி குடித்தேன், நல்ல நாளுக்குப் பலகாரம் தின்றேன். நான் கேட்ட கேள்விதான் உம்மைத் திருப்பி உள்ளே அனுப்பியது என்பது மட்டும் என் வாயில் வரவில்லை.

மகளைப் பார்த்துக் கத்தியதற்கு அடுத்தநாள் அக்காவிடம் போனேன். அவர் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும், தம்பி. நான் பங்கருக்கை இருந்து கேட்டனான்."

"எஞ்சின் ஓடினதே, அக்கா."

"அதாலைதானே நீர் அவ்வளவு பலமாக் கத்தினீர்."

ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்றேன்.

"நீராச் சொல்லுவீர் எண்டு இருந்தன். அந்தியேட்டிக்குச் சொல்லுவீர் எண்டு நினைச்சன். பிறகு வருசம் முடிய ஆட்டத் திவசத்துக்கு. பிறகு விட்டிட்டன்." அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "அவன் என்ன சொன்னவன்? அவன்ரை குரல் எனக்குக் கேக்கேல்லை."

"இல்லை, இந்தா பண்ணிப்போட்டு வாறன் எண்டவர்."

"வாறன் எண்டவனோ?"

"ஓம், அக்கா."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தையே பார்த்தபடி இருந்தார். உம்முடைய கடைசிப் பேச்சை முப்பது வருடம் அந்த மனுசிக்குக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பயத்தை மறைக்கப்போய் அதையும் சேர்த்து மறைத்துவிட்டேன்.

நீர் சொன்ன பதிலை அக்காவிடம் சேர்த்துவிட்டேன். நான் கேட்ட கேள்வி என்னோடுதான் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.