மூஞ்சிய வுட்டுட்டு ஆட்டத்தப் புடி

அடேய் மச்சான்,

வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாகப் போனால் பொறுத்துக்கொள். பழைய வீடியோ கேசட்டைத் திறந்தால் பூஞ்சை பிடித்த ஒரு வாடை வருமே, காலையிலிருந்து அது மூக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வாணியம்பாடியில் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடையில் நானும் உன் மகளும் உட்கார்ந்திருந்தோம். அங்கே பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன் பேத்திக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போட வேண்டும். உன் இடத்தில் இத்தனை வருஷமும் படம் கிடையாது, மடித்த வேட்டியும் ஒரு விளக்கும்தான். புளி உலுக்க ஏறிய கிளை முறிந்து நீ விழுந்து போய்ச்சேர்ந்தபோது உன் மகளுக்கு நடையே சரியாக வரவில்லை. உன் முகம் அவளுக்கு எப்படித் தெரியும்? "ஊர்க் கல்யாணமெல்லாம் வீடியோ புடிச்சீங்களே மாமா, எங்கப்பா முகம் ஒண்ணுலகூடவா இல்ல?" என்று கேட்டாள்.

எப்படி இருக்கும்? நான் கேமராவோடு நின்றால் நீ என் பின்னால் லைட்டைத் தூக்கிப் பிடித்து நிற்பாய். சின்ன வயதில் கரடி பிறாண்டிய கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டே திரிந்தவன். சிரிப்பதுகூடத் துண்டுக்குள்தான். சொந்தக் கல்யாணத்திலேயே போட்டோக்காரரை விரட்டியடித்த மகராசன் நீ!

ஆனாலும் பரணைக் குடைந்து ஒரு கேசட்டை எடுத்துப் போனேன். நீ வீடியோ கேம் ஆடியதை எடுத்த கேசட். உன் கையாவது தெரியாதா என்று ஒரு நப்பாசை.

ஜமுனாமரத்தூர் திருவிழா ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் ஜெனரேட்டரோடு அந்த மிஷினை மலைக்குக் கொண்டுவந்து கூடாரம் போட்டிருந்தார். ஆள் உயரப் பெட்டி. காசு போட்டால் கறுப்புத் திரையில் பூச்சிகள் இறங்கும், கீழேயிருந்து சுட வேண்டும். வெளிச்சம் வராமல் சுற்றிலும் சாக்குப் படுதா. திரைக் கண்ணாடியின் நடுவில் பெரிதாகச் சந்தனம், குங்குமம் வேறு வைத்திருந்தார். "பொட்டத் தொடாதீங்க, அழிஞ்சா மிஷின் நின்னுடும்" என்று அதட்டல். பூச்சிகள் பொட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

அதற்கு முன் ஆலங்காயத்தில் இதே மாதிரி மிஷினில் நீ ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை என்று உனக்கு ஆதங்கம். "ஒரு தபா புடி மச்சான். வூட்ல காட்டணும். மூஞ்சிய வுட்டுட்டு ஆட்டத்தப் புடி" என்றாய். உன் தோளுக்கு மேலாகக் கேமராவை வைத்தேன்.

கேமராவில் படத்தின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை உருண்டுகொண்டே இருந்தது. அந்த மாதிரித் திரையை எடுத்தால் அப்படித்தான் வரும். எட்டிப் பார்த்த மிஷின்காரர் அலறினார். "யோவ், உன் பொட்டி என் மிஷின் கரண்ட்ட உறிஞ்சுதுய்யா!"

"கம்முனு இரு பெரியவரே, கை பிசகிடும்" என்றாய் நீ, திரும்பாமலே.

புள்ளிகள் ஏறி ஏறி எல்லா இடத்திலும் ஒன்பதாக நின்றன. இன்னொரு பூச்சியைச் சுட்டாய். அவ்வளவுதான், மொத்தமும் பூஜ்ஜியம்!

"போச்சே, எல்லாத்தையும் உறிஞ்சிடுச்சே!" என்று மிஷின்காரர் சாக்கை இழுத்துத் தள்ளிவிட்டு மிஷினை அணைத்தார். அந்தக் களேபரத்தில் எனக்குக் கேமராவை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. அதற்கு மேல் காட்ட இடமில்லாமல்தான் எண்கள் முதலிலிருந்து தொடங்கின என்று அன்று நமக்கு யார் சொன்னார்கள்? "பூஜ்ஜியத்தக் காட்னா வூட்ல இன்னா மானம் மிஞ்சும்? மூட்ட கட்டு" என்றாய். கேசட்டும் மூட்டைக்குள் போனது. யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

இன்று பார்த்தோம். பூச்சிகள், கறுப்புப் பட்டை, பொட்டு. உன் விரல்கூட இல்லை. உன் மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பூஜ்ஜியம் வந்தது. மிஷின்காரர் கத்தினார். சாக்கு விலகி வெயில் விழுந்தது, திரை அணைந்தது.

அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் நீ நின்றாய்!

அடப்பாவி! துண்டு தோளுக்கு நழுவியிருந்தது. கரடிக் கன்னம் தெரிய, பல்லெல்லாம் தெரிய, மிஷின்காரரின் அலறலுக்கு வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தாய். மிஷினுக்கு வைத்த பொட்டு உன் நெற்றியில் இருந்தது. அன்று கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தத் துளிப் படத்தில் இதை நான் பார்க்கவே இல்லை மச்சான், சத்தியமாகப் பார்க்கவில்லை.

உன் மகள் திரையருகே போய் நின்றாள். தன் முன்பற்களின் இடைவெளியை விரலால் தடவிப் பார்த்தாள். "மாமா, இந்த சந்துப் பல்லு எனக்கும் கீது பாருங்க" என்றாள். அப்புறம் அழுதாள். நானும்தான்.

கன்னத்துத் தழும்பைக் கம்ப்யூட்டரிலேயே எடுத்துவிடலாமா என்று கேட்டார் கடைக்காரர். "வேணாங்க. எங்கப்பா அப்டியே இருக்கட்டும்" என்றாள்.

அந்தக் காட்சியைப் படமாக்கிச் சட்டம் போடக் கொடுத்தாயிற்று. கோபித்துக்கொள்ளாதே, நீ சொன்னபடி ஆட்டத்தைத்தான் பிடித்தேன். இத்தனை வருஷமும் உன்னுடையது என்று என்னிடம் இருந்தது முதுகில் அடித்த அந்த லைட்டின் சூடு ஒன்றுதான். ஒரு நாள் என் முன்னால் வந்து நின்று சிரிப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லையடா.